மாணிக்கம் அண்ணன் படகின் ஆட்டோபைலட்

ஆட்டோபைலட் ரிப்பேர் செய்பவனை யாரும் நல்ல நாளில் கூப்பிடுவதில்லை. படகு தானாகவே திசை பிடித்து நேராகப் போகும்வரை எல்லோரும் மீனைப் பற்றித்தான் பேசுவார்கள். அது கோணிக்கொண்டு போன அன்றுதான் என் நம்பரைத் தேடுவார்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், லிஃப்ட் என்று எதையாவது ரிப்பேர் செய்து வயிறு வளர்க்கும் சகோதரர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோலசிலாங்கூர் படகுத்துறையில் பதினைந்து வருடமாக இதுதான் என் பிழைப்பு. அதில் எனக்குப் பெயர் வாங்கித் தந்த வேலையும் உண்டு, நினைத்தால் சோறு இறங்காத வேலையும் உண்டு.

டௌக்கேயின் ஸ்பீக்கர்

மீன்பிடிப் படகு வைத்திருந்த ஒரு சீன டௌக்கே, அதாவது முதலாளி. எஸ்டேட் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பம் என்பதால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். அவர் படகு கடலில் வட்டம் போட்டது. மூன்று பேர் வந்து பார்த்து, சுக்கானைத் திருப்பும் பம்ப் போய்விட்டது, அதை இயக்கும் பெட்டி போய்விட்டது, எல்லாவற்றையும் மாற்று என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

நான் போய்ப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். ஆட்டோபைலட்டுக்குத் திசை சொல்வது உள்ளங்கையளவு ஒரு திசைகாட்டி. அதன் பக்கத்தில் காந்தமோ இரும்போ இருந்தால் அதற்குப் புத்தி பேதலித்துவிடும். டௌக்கே பாட்டுக் கேட்பதற்காகப் புதிதாக ஒரு ஸ்பீக்கரை வாங்கி, சரியாக அதன் முதுகில் மாட்டியிருந்தார். ஸ்பீக்கருக்குள் இருப்பது காந்தம். கழற்றினேன், படகு நேராகப் போனது. அன்றிலிருந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. எந்தப் படகில் ஏறினாலும், சொந்தக்காரன் என்ன தப்பு செய்திருக்கிறான் என்றுதான் முதலில் தேடுவேன். டௌக்கே தலையைச் சொறிந்துகொண்டே, கெட்டுப்போனதற்கான மலாய் வார்த்தையைப் போட்டுச் சொன்னார்:

“மெசின் ஓகே லா தம்பி. ஆளுதான் ரோசாக்.”

என் மறதி

எனக்கு ஒரு வியாதி உண்டு. வேலை முடிந்ததும் ஏதாவது ஒரு சாமானைப் படகிலேயே விட்டுவிட்டு வருவேன். டெஸ்டர், ஸ்பேனர், ஒருமுறை மூக்குக் கண்ணாடி. துறையில் இன்ஜின் வேலை பார்க்கும் குணாதான் அவற்றையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து தருவான். சாமான்கள் மேல் பெயரை எழுதி வையுங்கள் என்று மார்க்கர் பேனாவும் அவனே வாங்கித் தந்தான். எழுதியும் வைத்தேன். பெயர் எழுதினால் சாமான் தானாகத் திரும்பி வந்துவிடுமா என்ன? கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்த அன்று குணா சொன்னது:

“அண்ணே, ஒரு நாளைக்கு நீங்க உங்களையே வச்சிட்டு வரப் போறீங்க.”

லெட்சுமி அக்கா கேட்டது

மாணிக்கம் அண்ணன் ஈஜோக் ஊர்க்காரர். செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் லேத் ஓட்டி, கடைசியில் கிடைத்த பணத்தில் ஒரு பழைய பவர்போட் வாங்கினார். அவரும் மனைவி லெட்சுமி அக்காவும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் பிடிக்கப் போவார்கள். பிறகு அண்ணனுக்கு ஸ்ட்ரோக் வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கைக்குப் பிடிமானம் இல்லை, பேச்சும் மெதுவாகிவிட்டது. ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தால், அது வெளியே வருவதற்குள் எதிரில் இருப்பவர் இரண்டு பதில் சொல்லியிருப்பார்.

ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கையும் தூண்டிலையும் பிடிக்க முடியாது. ஆட்டோபைலட் இருந்தால் முடியும். படகில் இருந்ததோ அரதப்பழசு. கம்பெனியே அதற்குப் பாகம் செய்வதை நிறுத்திவிட்டது. மகன் சரவணன், படகை விற்றுவிடலாம் என்று ஒற்றைக்காலில் நின்றான். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். புது ஆட்டோபைலட் போட வேண்டும், சரவணன் கூடவே வந்து பார்ப்பான், படகு நேராகப் போனால் அப்பாவுக்கு, கோணினால் விற்பனைக்கு. அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“வீட்ல சும்மா உக்காந்தா இந்த மனுசன் செவுத்தப் பாத்துக்கிட்டே இருக்காரு தம்பி. எப்படியாச்சும் நேரா போக வச்சிருங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை

வேலையை மனசு வைத்துத்தான் செய்தேன். புதுப் பம்ப், புதுப் பெட்டி, புதுத் திசைகாட்டி. திசைகாட்டியை முன்பக்க லாக்கருக்குள், எந்த இரும்பும் அண்டாத இடமாகப் பார்த்து வைத்தேன். சனிக்கிழமை ஆற்று முகத்துவாரத்தில், திசைகாட்டி திசை பழகுவதற்காக மெதுவாக வட்டம் போட்டு எல்லாவற்றையும் சரி பார்த்தேன். கோடு கிழித்த மாதிரி போனது.

ஞாயிறு காலை சீக்கிரமே போய் லாக்கருக்குள் இரண்டு ஸ்குரூவை இறுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் குடும்பம் வந்துவிட்டது. அவசரமாக லாக்கரை மூடினேன். அக்கா சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, கோயிலில் பூஜை போட்டுக் கொண்டுவந்திருந்த ஒரு சாண் நீள வேல் ஒன்றை ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஒட்டி வைத்தார். கிளம்பினோம்.

கடலுக்கு வந்ததும் அண்ணன் இடது கையால் பட்டனை அழுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் படகு இடது பக்கம் இழுத்தது. அந்தப் பக்கம் சிப்பி வளர்க்கிறவர்கள் நட்டு வைத்திருந்த கம்புகள். அண்ணன் ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பப் பார்த்தார், முடியவில்லை. சரவணன் பாய்ந்து வந்து பிடித்துத் திருப்பினான். கம்புக்கும் படகுக்கும் நடுவில் ஓர் ஆள் இடைவெளிதான் இருந்திருக்கும்.

நேற்று நேராகப் போன படகு. இன்று புதிதாக வந்தது என்ன? என் கண் நேராக வேலுக்குப் போனது. “அக்கா, இதுதான் காரணம். திசைகாட்டிக்குப் பக்கத்துல இரும்பு வைக்கக் கூடாது. யாரைக் கேட்டு வச்சீங்க?” என்றேன். அண்ணன் கையைத் தூக்கி, “அது… தம்பி… அது…” என்று ஏதோ சொல்ல வந்தார். “இருங்கண்ணே, எனக்குத் தெரியும்” என்று அவரை நிறுத்தினேன். அக்கா முகம் செத்துப்போய் வேலை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டார். மறுபடி பட்டனை அழுத்தினோம். மறுபடி இடது பக்கம். இன்னொரு தரம் வட்டம் போட்டுப் பார்க்கலாம் என்று கெஞ்சினேன். சரவணன் படகைக் கரைக்குத் திருப்பிவிட்டான். அவன் கெட்ட பிள்ளை இல்லை, பயந்த பிள்ளை.

“மெஷினும் நேரா போகல, அப்பாவாலயும் பிடிக்க முடியல. இனிமே எப்படி அங்கிள் நான் விடுவேன்?”

புது முதலாளியின் போன்

பெட்டியைக் கழற்றிப் பார்க்கக்கூட எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அந்த வாரமே தஞ்சோங் காராங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவருக்குப் படகு கைமாறியது. இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து போன். கோணல் என்று திட்டப்போகிறார் என நினைத்து எடுத்தேன்.

என்னிடம் அடியில் காந்தம் வைத்த ஒரு கிண்ணம் இருந்தது; கழற்றிய ஸ்குரூக்கள் சிதறாமல் அதில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நாளாகக் காணவில்லை. வழக்கம்போல எங்கேயோ விட்டிருப்பேன் என்று புதிதாக ஒன்று வாங்கியும் விட்டேன். அந்த மனுசர் குரலில் அவ்வளவு சந்தோஷம்:

“லாக்கருக்குள்ள, அந்தத் திசைகாட்டிக்குப் பக்கத்துல ஒரு காந்தக் கிண்ணம் கிடந்துச்சு, உங்க பேரு எழுதியிருக்கு. அதை எடுத்ததுலேருந்து போட் சும்மா ரயிலு மாதிரி போகுது லா அண்ணே!”

ஈஜோக்கில்

மறுநாளே தஞ்சோங் காராங் போய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு ஈஜோக் போனேன். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு, எதிரே இருந்த செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்தோம். கிண்ணத்தை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா எழுந்து போய், துணி அலமாரிக்கு அடியிலிருந்து அந்தத் துண்டை எடுத்து வந்தார். நான் பழி சொன்ன வேல் என்பதால் அதைச் சாமி மேடையில் வைக்க மனம் வராமல் இத்தனை நாள் அங்கேயே வைத்திருந்தாராம். பிரித்து, முந்தானையால் துடைத்து, மேசைமேல் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வேல் அசையவில்லை. காந்தத்தில் ஒட்டவும் இல்லை. பித்தளை. மஞ்சளாக மின்னும் சாமானை இரும்பு என்று சொல்லியிருக்கிறேன், அதுவும் முப்பது வருடம் லேத்தில் உலோகத்தைக் கடைந்த ஒரு மனிதர் எதிரில்.

அண்ணன் வாயெடுத்தார். இந்தத் தடவை காத்திருந்தேன். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது:

“அன்னிக்கு… அதத்தான் தம்பி… சொல்ல வந்தேன்.”

இப்போதெல்லாம் படகை விட்டு இறங்குமுன் சாமான்களை இரண்டு தடவை எண்ணுகிறேன், யார் வாயெடுத்தாலும் முடிக்கும்வரை பொறுத்திருக்கவும் பழகுகிறேன். இதில் எண்ணுவது மட்டும்தான் இதுவரை எனக்குச் சரியாக வந்திருக்கிறது.