குளவி என்று சொன்ன போன்

எங்கள் வாடகை வீட்டில் கரண்டு மீட்டருக்குக் கீழே சுவரில் ஒரு ஓட்டை. அதிலிருந்து மெழுகுக் குழாய் ஒன்று சுண்டுவிரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. ஈயைவிடச் சின்னக் கறுப்புப் பூச்சிகள் அதன் வழியே போய் வரும். ஸ்கூல் பஸ் வரும்வரை என் மகள் அந்தக் குழாய் வாயில் விரலை வைத்துக்கொண்டு நிற்பாள். விரல் மேல் ஏறி இறங்கிப் போகுமே தவிர ஒன்றும் செய்யாது.

ஒருநாள் வீட்டு ஓனர் வந்தார். பூச்சிகளைப் பார்த்ததும் கேட்டுக்கு வெளியே ஓடிப்போய் நின்று, அங்கிருந்தே போனில் பெரிதாக்கிப் படம் பிடித்தார். படத்தைக் காட்டினால் பூச்சியின் பேரைச் சொல்லும் ஆப் வைத்திருந்தார்.

"குளவிங்க! கூட்டமா வந்து கொட்டும்னு போட்டிருக்குது. இன்னைக்கே அடைச்சுப்போடுங்க."

படத்தைப் பார்த்தேன். பூச்சி எங்கே இருக்கிறது? ஒரு கறுப்புத் தீற்றல், அவ்வளவுதான்.

"அப்பா, இது கொட்டாதுப்பா. நான் தெனமும் தொடறேன்" என்றாள் மகள்.

"போனே சொல்லுது, அதைவிட உனக்குத் தெரியுமா? தள்ளு" என்றேன்.

இதை எழுதும்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. போர்வெல் போடும் ரிக் லாரி கட்டுகிற பட்டறையில் வெல்டிங் வேலை எனக்கு. கண்ணால் பார்க்காமல் ஒரு பைப்பைக்கூட ஒட்டவைக்க மாட்டேன். அப்படிப்பட்டவன் அந்தத் தீற்றலை நம்பிக் குழாயை ஒடித்துப்போட்டு, சிமெண்டைக் குழைத்து அப்பினேன்.

வெளியே போயிருந்த பூச்சிகள் திரும்பி வந்து சிமெண்டில் மோதின. பொழுது சாயும்வரை மோதின. என் கையிலும் முகத்திலும் உட்கார்ந்தன. ஒன்றுகூடக் கொட்டவில்லை.

மறுநாள் காலையில் ஓனர் மறுபடி வந்தார். கீழே செத்துக் கிடந்த ஒன்றை மகள் நோட்டுத் தாளில் எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"மாமா, இப்ப எடுங்க."

அதே போன், அதே ஆப். இந்தத் தடவை கிட்டத்தில் படம் பிடித்தார். கொசுத்தேனீ, கொட்டாது என்று வந்தது.

"அட, தேனீங்களா! போனும் சில சமயம் தப்பாச் சொல்லிப்போடுதுங்க" என்று சிரித்தார்.



"போனை உடுங்க. நீங்க ஏனுங்க கிட்ட வந்து பாக்கல?" என்று கத்திவிட்டேன். கிட்டவே நின்ற நானும்தான் பார்க்கவில்லை.

மகளிடம் திரும்பினேன். "இப்ப என்ன பண்ணலாம் சாமி?"

"தொறந்து உடுங்கப்பா."

உளியை வைத்து மெதுவாகத் தட்டினேன். சிமெண்ட் பெயர்ந்தது. வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. அப்புறம் ஒன்றே ஒன்று, பறக்கத் தெம்பில்லாமல் நடந்து வந்தது. ஓனர் போனைத் தூக்கினார்.

"அதைப் பாக்கெட்டுல வைங்க" என்றேன்.

மகள் விரலை நீட்டினாள்.