பணிய லயத்துச் சுவர்

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ஐந்து ஐம்பத்தைந்துக்குப் புறப்படும் பதுளை ரயிலில் யன்னலோரம் இடம் கிடைத்தது. என் மனைவி ராணி மறைந்த பின் நான் மேற்கொள்ளும் ஐந்தாவது பயணம் இது. திருகோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய ஊர்களுக்கு ஏன் போனேன் என்று கேட்டால் என்னால் சொல்ல இயலாது. எங்கும் இரண்டு இரவுக்கு மேல் தங்கவில்லை. வெள்ளவத்தையில் நாங்கள் இருவரும் வாழ்ந்த மாடிவீட்டில் அதைவிடக் குறைவாகவே தங்கினேன்.

இம்முறை காரணம் இருந்தது. ராணியின் அண்ணன் பெருமாள், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலை செய்து ஓய்வு பெற்றவர். மலைமுகட்டில் ஏழு பேர்ச், அதாவது ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் சதுர அடி நிலத்தில் அவருக்குப் புதுவீடு கிடைத்திருக்கிறது. அவரோ சரிவின் கீழே, தாம் பிறந்த பழைய தொழிலாளர் லயத்திலேயே படுத்துறங்குகிறார். சென்ற மழையில் அந்த லயத்தின் பின்புறச் சரிவு வெடித்தது. எல்லோரும் வெளியேற வேண்டுமென்று அதிகாரிகள் வந்து அறிவித்துப் போனார்கள். மற்றவர்கள் போய்விட்டார்கள். “எங்கண்ணன மேல ஏத்திருங்க” என்று ராணி மருத்துவமனையில் என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகும் சில நாட்கள் பேசினாள். கேட்டுக்கொண்டது இது ஒன்றைத்தான்.

நாவலப்பிட்டிவரை மூன்று முறை எழுந்து கதவருகே போய் நின்றேன். எதிரே அமர்ந்திருந்த பெண்மணி கொழும்பில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்பவர். விடுமுறைக்குக் கொட்டகலைக்குப் போகிறார். ஊருக்குப் போவதில் மகிழ்ச்சிதானே என்று கேட்டேன். “அங்க வேர்க்குது, இங்க குளிருது. ரெண்டு எடத்துலயும் தூக்கம் வரல சார்” என்றார்.

பதினொன்றரைக்கு ஹட்டன். கொழும்பிலிருந்து ஏறத்தாழ நூற்று எழுபது கிலோமீற்றர். உயரம் நாலாயிரம் அடிக்கு மேல். பேருந்து நிலையத்தில் தேநீர் குடித்துவிட்டு, பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறினேன். டிக்கோயாவைத் தாண்டியதும் வலப்புறம் நீர்த்தேக்கம் வெயிலில் தகரம்போல் மின்னியது. நோர்வூட்டில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். தோட்டம்வரை எழுநூறு ரூபாய். இங்கே கீழே இருப்பதைப் ‘பணிய’ என்பார்கள். பணிய லயத்துக்கு என்று சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“அங்க ஒருத்தருதான் சார் இருக்காரு. அவரையும் பேயின்னு நெனச்சு நாய்ங்க கொலைக்குதுங்க.”

முதலில் மேலே, புதுவீட்டுக்குப் போனேன். மச்சான் பெருமாளின் மனைவி கமலம் வாசலில் கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஏழு பேர்ச் நிலத்தில் ஒரு சாண்கூட வெறுமையாக இல்லை. குழாய்த் தண்ணீர், உள்ளேயே கழிப்பறை, உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவு ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். தம் வாழ்நாளில் முதன்முறையாகத் தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து தலை வாரியதாகச் சொன்னார். கணவரைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறியது.

“அவரு பணிய குடித்தனம் பண்றாருண்ணே. சோத்துக்கு மட்டும் விருந்தாளியா ஏறி வருவாரு.”

காரணத்தையும் அவரே சொன்னார். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த அறைகள். அறைகளுக்கு இடையிலுள்ள சுவர் கூரையைத் தொடுவதில்லை. மச்சானும் அடுத்த அறைச் சவரிமுத்துவும் வேலைக்குப் போன காலம் முழுவதும் விடியலில் அந்தச் சுவரில் இருமுறை தட்டுவார்கள். மறுபுறமிருந்து இரண்டு தட்டு வரவேண்டும். வராவிட்டால் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். ஒருமுறை மச்சானுக்குக் காய்ச்சல் கண்டு நினைவு தப்பியது அப்படித்தான் தெரியவந்ததாம். புதுவீடுகள் தனித்தனியானவை, சீட்டுக் குலுக்கியதில் சவரிமுத்துவுக்கு முகட்டின் மறுகோடியில் வீடு விழுந்தது. குடிவந்த முதல் விடியலில் மச்சான் பழக்கத்தில் சுவரைத் தட்டியிருக்கிறார். சுவருக்கு அப்பால் கத்தரிப் பாத்திதான் இருந்தது. கமலம் சிரித்துவிட்டு ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். அன்று மாலையே மச்சான் கீழே இறங்கிவிட்டார்.

“சிரிச்சது தப்புத்தான்” என்று சொல்லிவிட்டுக் கமலம் மீண்டும் செடிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு மணிக்குச் சரிவில் இறங்கினேன். ஆறு அறைகளில் ஐந்து திறந்து கிடந்தன. கதவுகளைக் கழற்றி மேலே கொண்டுபோயிருந்தார்கள். கடைசிக்கு முந்திய அறையில் மட்டும் புகை. மச்சான் அடுப்பின் முன் குந்தியிருந்தார்.

“வாங்க மாப்புள்ள. கொழும்புல எடம் இல்லையா?”

நான் பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்தவன். சரிவு, வெடிப்பு, நீர் ஊறிய மண்ணின் எடை என முறையாக எடுத்துச் சொன்னேன். அவர் மரியாதையோடு கேட்டார். தம் பாட்டன் காலத்திலிருந்து நிற்கும் லயம், இனியும் நிற்கும் என்றார். அது தவறு என்றேன். இருக்கலாம் என்றார். மேலே என்ன குறை என்று கேட்டேன்.

“ஒரு கொறையும் இல்ல. தண்ணி இருக்கு, கரண்டு இருக்கு. ஒருத்தரு இருமுனா இன்னொருத்தருக்குக் கேக்கல.”

வெடிப்பைப் பார்த்து வருவதாகச் சொல்லி எழுந்தேன். லயத்தின் பின்னால், தேயிலைச் செடிகளின் வேர் தெரிய நிலம் பிளந்திருந்தது. என் கை முழங்கைவரை உள்ளே போனது. அடியில் கலங்கிய நீர் கசிந்துகொண்டிருந்தது. அப்போதே மழை பிடித்துக்கொண்டது. கதவில்லாத கடைசி அறைக்குள் ஓடி நுழைந்தேன். சுவரில் ஒரு சிலுவையின் தடம் வெளுத்திருந்தது. அது சவரிமுத்துவின் அறை.

கூரைத் தகரத்தில் மழை இரைந்தது. அந்த இரைச்சலிலும் சுவருக்கு மேலாக மச்சானின் இருமல் தெளிவாகக் கேட்டது. நான் விரல்மூட்டால் சுவரில் இருமுறை தட்டினேன். மறுகணமே இரண்டு தட்டு திரும்பி வந்தது.

“சவரியா?”

“நான்தான் மச்சான்.”

“நனஞ்சுட்டீங்களா?”

“கொஞ்சம்.”

பிறகு, சாவு வீட்டிலும் அவர் கேட்காததைக் கேட்டார்.

“ராணிக்குக் கடைசில வலிச்சுச்சா?”

வலித்தது என்றேன். கடைசி நாளில் குறைந்துவிட்டது, என் கையைப் பிடித்தபடி இருந்தாள் என்றேன். இதை நான் எவரிடமும் சொன்னதில்லை. எதிரே முகம் இல்லாததால் சொல்ல முடிந்தது. அவர் மூக்கைச் சிந்தும் ஓசை வந்தது.

“உங்கள மேல ஏத்தச் சொன்னா மச்சான்.”

“தெரியும். எங்கிட்டயும் ஒன்னு சொன்னா, போன்ல. ‘அவரு வீட்டுல தங்க மாட்டாரு, ஊர் ஊரா அலைவாரு, வீட்டுல இருக்க வையுங்கண்ணே’ன்னா. எந்த மொகத்த வச்சிக்கிட்டு ஒங்ககிட்டச் சொல்றது? நானே வீட்டுல இல்ல.”

அவர் மீண்டும் சுவரைத் தட்டினார். நானும் தட்டினேன்.

“நான் ஏறுறேன். நீங்க எறங்கிப் போயி ஒங்க வீட்டுல இருக்கணும். முடியுமா?”

“முயற்சி செய்றேன்.”

“அந்தப் படிச்ச பேச்செல்லாம் வேணாம்.”

“இருக்கேன்” என்றேன்.

மழை விடும்வரை அவர் காத்திருக்கவில்லை. அடுப்பை நீரூற்றி அணைத்தார். கவ்வாத்துக் கத்தியையும் ஒரு கம்பளியையும் எடுத்துக்கொண்டார். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருவரும் ஏறினோம். பாதி வழியில் அவர் நின்று திரும்பிப் பார்த்தார். நான் காத்து நின்றேன். கமலம் கதவைத் திறந்து எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

“வாங்க, வெளியூர்க்காரரு ரெண்டு பேரும். காலக் கழுவிட்டு வாங்க.”

மறுநாள் ஞாயிறு. நான் படுத்திருந்த அறைச் சுவரில் விடியலில் இரண்டு தட்டு கேட்டது. பதிலுக்குத் தட்டினேன். நான் புறப்படும்போது மச்சான் வாசற்படியில் நின்றபடி சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார், உட்காரவில்லை. மாதா கோயிலுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்த சவரிமுத்து, பெருமாள் மேலே வந்து நிற்பதைக் கண்டு, தினமும் தேநீருக்கு வந்து தொல்லை கொடுக்கப்போவதாக மிரட்டினார். மச்சான் சிரிக்கவில்லை. ஆனால் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

மாலையில் கொழும்பு வந்து சேர்ந்தேன். வெள்ளவத்தை வீட்டின் சுவர்கள் கொங்கிறீற்றால் ஆனவை, கூரைவரை மூடியவை. பக்கத்து வீட்டில் இருப்பவர்களின் இருமலை நான் ஒருநாளும் கேட்டதில்லை. நாங்கள் இந்த வீட்டை வாங்கியபோது அதை ஒரு சிறப்பாகச் சொன்னார்கள். ராணி சிலவேளை சமையலறைச் சுவரில் காதை வைத்து நிற்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

பயணப் பையை அவிழ்க்காமல் கதவருகே வைத்தேன். அடுத்துப் போக நினைத்திருந்த புத்தளத்துக்கான பேருந்துகளின் நேரம் எனக்கு மனப்பாடம். கூடத்தில் நடந்தேன், உட்கார்ந்தேன், மீண்டும் எழுந்தேன். ஏழு மணியளவில் கைப்பேசி ஒலித்தது. எடுத்தேன். பேச்சில்லை. சுவரில் விரல்மூட்டு இருமுறை தட்டும் ஓசை மட்டும் வந்தது.

சமையலறைக்குப் போய், கைப்பேசியைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, இருமுறை தட்டினேன்.

“ம். இருக்கீங்க” என்று சொல்லி மச்சான் தொடர்பைத் துண்டித்தார்.