திருநள்ளாற்றில் நாறாத தொட்டி

சனிக்கிழமை காலை ஆறரைக்கு மயிலாடுதுறையில் பஸ் ஏறினேன். எங்கள் குடியிருப்பின் கழிவுநீரைச் சுத்திகரிக்க என் வீட்டுக் கொல்லைச் சுவரை ஒட்டித் தொட்டி கட்டப் போகிறார்களாம். நான் சம்மதித்தால்தான் வேலை நடக்கும். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். திருநள்ளாற்று லாட்ஜ் ஒன்றில் அதே மாதிரி தொட்டி இருக்கிறதென்றார்கள். நாறுமா நாறாதா என்று பார்த்துவிடலாமென்று கிளம்பினேன்.

பேரளம் தாண்டியதும் பக்கத்து இருக்கை அம்மாள், "பரிகாரத்துக்கா போறீங்க?" என்றார். "சாக்கடை பார்க்க" என்றேன். அதற்கப்புறம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எட்டு மணிக்கு இறங்கினால் ஊரெல்லாம் நல்லெண்ணெய் வாசனை. எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகியவர்கள், பிசுக்குப் போக லாட்ஜில் ஷாம்பு போட்டு மறுபடி குளிக்கிறார்கள். அத்தனையும் பின்னாலிருக்கும் தொட்டிக்குத்தான் போகிறது. எட்டிப் பார்த்தேன். எண்ணெய் மினுங்கியது, நாற்றமே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் செல்வம், "உள்ள இருக்குற கிருமிதாங்க கழிவைத் தின்னுது. அதுக்குக் காத்து ஊத மோட்டார் இருக்கு. சனிக்கிழமை மட்டும் நிறுத்திடுவோம். ஓட்டினா நுரை பொங்கி, வாடை வாசல் வரைக்கும் போவும். சாமி கும்பிட வந்தவங்க மூஞ்சி சுளிப்பாங்க" என்றார்.

தண்ணீர்மேல் பிளாஸ்டிக் மூடியை மிதக்கவிட்டு வாயு பிடித்துக்கொண்டிருந்தாள் நஸ்ரின், காரைக்காலில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் பெண்.

"வாடை இல்லன்னு நம்பிடாதீங்க ஆன்ட்டி. காத்தில்லாம உள்ள மீத்தேன் உண்டாவுது. நாளைக்கு மோட்டார் போட்டதும் மொத்தமா கிளம்பும். கூடவே நைட்ரஸ் ஆக்சைடும் வரும். நம்ம மூக்குக்கு ரெண்டும் தெரியாது. பூமியச் சூடாக்குறதுல புகையெல்லாம் இதுங்ககிட்ட நிக்க முடியாது."

"நிறுத்தாம ஓட்டினா?"

"குறையும். ஆனா கரண்ட் செலவாவும், அதுக்கு நிலக்கரி எரியணும்."

"அப்ப தொட்டியே வேணாம்னா?"

"சும்மா தேங்குற சாக்கடையும் மீத்தேன் விடத்தான் செய்யும்."

தலை சுற்றியது. மூக்கை நம்பி இவ்வளவு தூரம் வந்தவள் நான். எரிச்சலில், "என்னதான் செய்யச் சொல்றே?" என்றேன்.

"அளக்குறதுதான் என் வேலை. உங்க கொல்லை, நீங்கதான் முடிவு பண்ணணும்" என்று சிரித்தாள்.

திரும்பும் பஸ்ஸில், குழப்பம் தீராமலே, குடியிருப்புச் செயலாளருக்குப் போன் போட்டேன்.

"சம்மதங்க. ஆனா எவ்வளவு நாறினாலும் மோட்டாரை நிறுத்தக் கூடாது. நானே வந்து கெஞ்சினாலும் நிறுத்தாதீங்க."

"நாறக் கூடாதுன்னுதானேம்மா பார்க்கப் போனீங்க?"

"ஆமாங்க" என்றேன்.

வீடு வந்ததும் முதல் வேலையாகக் கொல்லைப்பக்க ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன். தாழ்ப்பாள் விழவில்லை.