மாட்டுப்பட்டி வீட்டின் சரிவுத் தரை

மழை பிடித்தால் போதும்... சுவரிலிருந்து மாட்டு வாடை கிளம்பிவிடும். சுண்ணாம்பு அடித்துப் பார்த்தோம், சாம்பிராணி போட்டுப் பார்த்தோம். மாடு போய்விட்டது, வாடை மட்டும் எங்களோடு குடியிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. அப்பா இறந்துவிட்டார். அம்மாவுக்குக் கால் வாதம், மலையேறிக் கொழுந்து பறிக்க முடியாது. நான் பள்ளிக்கூடப் பிள்ளை. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய எங்கள் வீட்டில் ஆள் இல்லை என்றதும், தோட்டம் கொடுத்திருந்த லயத்துக் காம்பராவை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்.

கொட்டகலைக்குப் பக்கத்தில் மரக்கறித் தோட்டம் வைத்திருந்த முதலாளி ஒருவர், தன் பழைய மாட்டுப்பட்டிக்குக் கதவும் ஜன்னலும் வைத்து வாடகைக்குக் கொடுத்தார். மாடு தின்ற கல்தொட்டியில் எங்கள் சட்டி பானை. மாட்டு மூத்திரம் வடிகானுக்கு ஓடுவதற்காகப் போட்ட சரிவுத் தரை மட்டும் அப்படியே இருந்தது. குடியிருக்க வந்தவர்களுக்கு அது போதும் என்று நினைத்திருப்பார்.

குடிபோன அன்று பால் காய்ச்சினோம். நேரே வடிகான் பக்கம் பொங்கி வழிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எந்தப் பக்கம் பொங்குனா என்னா புள்ள, பொங்குச்சுல்ல" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அடுப்புக்கு அடியில் ஒரு பலகைத் துண்டைச் செருகினாள்.

படுக்கும்போது அம்மாதான் பள்ளப் பக்கம்... நான் உருண்டு போகாமல் இருக்க.

கூரை ஒழுகியதைக்கூட அவள் முதலாளியிடம் சொன்னதில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

"ஐயா, தரைய மட்டும் சமமா போட்டுக் குடுங்க. காலு நிக்க மாட்டேங்குது."

"மழ விடட்டும் தங்கச்சி. சிமெந்து காயணும்ல."

கொட்டகலையில் மழை எப்போது விட்டது? அவர் பொல்லாதவரும் இல்லை. சிரித்த முகம், மிஞ்சிய லீக்ஸைக் கொடுத்தனுப்புவார். அதனாலேயே சண்டை போடவும் முடியவில்லை.

ஒரு காலை, மலையிலிருந்து வரும் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஈரக்காலோடு உள்ளே வந்தாள். வழுக்கி, வடிகானில் போய் விழுந்தாள். இடுப்பெலும்பு.

டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவள் நடக்கவே இல்லை. அதே தரையில், கட்டிலின் இரண்டு காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துப் படுக்க வைத்தேன். "மழ விட்டுருச்சா புள்ள?" என்று கேட்பாள். அப்படிக் கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தாள்.

இப்போது நான் கொழும்பில். போன வாரம் ஆபீஸில் டிரிப் போக இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். கூட வேலை செய்யும் பெண் போனை நீட்டினாள்.

"அக்கா, உங்க ஊர்ப் பக்கம்தானே? மாட்டுக் கொட்டில எவ்வளவு அழகா தங்குற வீடாக்கியிருக்காங்க பாருங்க!"

அதே கல்தொட்டி... உள்ளே பூச்செடி. அதே ஜன்னல், அதே மலை. நான் படத்தைப் பெரிதாக்கித் தரையைத்தான் பார்த்தேன். மட்டம் பிடித்து, பளபளவென்று டைல்ஸ் போட்டிருந்தார்கள். ஒரு மூலையில்கூடச் சரிவில்லை.

"நல்லா இருக்கு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

மழை விட்டுவிட்டது போலிருக்கிறது, அம்மா.