மூன்றாவது பந்து

தோல் கையுறைக்குள் பந்து 'டப்' என்று விழும் சத்தம் கேட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஜெர்மனியில், டோர்ட்மண்டில் மகள் பேஸ்பால் ஆடும் மைதானத்து வேலியைப் பிடித்தபடி நிற்கிறேன். பக்கத்தில் அப்பா.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் இதே வேலிக்கு வெளியே அப்பாவும் அவருடைய கூட்டாளி சிவா மாமாவும் நின்றார்கள். பன்னிரண்டு வயதில் நான் உள்ளே மட்டையோடு நின்றேன். மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் அன்று வந்திருந்தார்கள். அப்பா யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடியவர்.

"அவசரப்படாதை பிள்ளை! விக்கெட்டுக்கு வராத பந்தைத் தொடாதை!"

"அண்ணை, இதில விக்கெட்டே இல்லை. மூண்டு நல்ல பந்தை விட்டா அவுட்," என்றார் மாமா, கச்சான் கடலையின் கோதை உடைத்துக்கொண்டே.

"நீ பேசாம இரு."

இரண்டை விட்டிருந்தேன். மூன்றாவது இடுப்பு உயரத்தில் நேராக வந்தது. கை துடித்தது. அதையும் விட்டேன். அவுட். அப்பா மட்டும் கைதட்டினார். "வடிவா விட்டாய்!"

என்னை எடுக்கவில்லை. டிராமில் வீடு வரும்வரை அப்பாவும் மாமாவும் சண்டை பிடித்தார்கள்.

இப்போது மகளும் இரண்டை விட்டுவிட்டாள். அப்பா வாயைத் திறக்கிறார்.

"சத்தம் போடாதேங்கோ அப்பா!"

"இல்லை பிள்ளை," என்கிறார் மெதுவாக, "அடி எண்டுதான் சொல்ல வந்தனான்."