வெட்டுப்படாத படகுப் பெயர்

ஜின், பேய், கண்ணூறு என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான், அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பம் தொண்ணூறில், வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்தது. அப்படி வந்த சனத்துக்குள் ஆளுக்கொரு ஜின் கதை இருக்கிறது, கிணற்றடி ஜின், பாழ்வீட்டு ஜின், குதிரையில் வந்த ஜின், கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. வேலை வெட்டி இல்லாதவர்களின் பொழுதுபோக்கு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பேன்.

கல்பிட்டி டவுனில் எனக்கு ஸ்டிக்கர் கடை. பஸ், த்ரீவீல், மீன்பிடி போட் எல்லாவற்றுக்கும் பெயர் வெட்டிக் கொடுக்கிறேன். கணினியில் எழுத்தைப் போட்டால் மெஷின் சின்னக் கத்தியால் ஸ்டிக்கர் ரோலில் அதை வெட்டித் தரும். இந்த மெஷினுக்கு ஒரே ஒரு எதிரி, நிலைமின். பள்ளிக்கூடத்தில் சீப்பைத் தலையில் தேய்த்துக் கடதாசித் துண்டைத் தூக்குவோமே, அதுதான். ரோல் உருளையில் உரச உரச மின் சேரும், சேர்ந்தது ஒரு நேரம் "பட்" என்று பாயும், மெஷின் தான் என்ன செய்துகொண்டிருந்தது என்பதையே மறந்து அப்படியே நின்றுவிடும். இதற்குப் பக்கத்துக் கடைக்காரர் மெஷினில் தாயத்துக் கட்டச் சொன்னார். நான் மெஷினின் இரும்புக் காலிலிருந்து செப்புக் கம்பி இழுத்து வெளியே மண்ணில் அடித்த குழாயில் கட்டினேன். அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. தாயத்துக்காரர்களுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

போன ஆடி மாசம், கச்சான் காற்று அடிக்கிற நேரம், பள்ளிவாசல்துறையிலிருந்து நவ்பர் ஹாஜியார் வந்தார். அத்தர் வாசம் முதலில் வந்தது, பிறகுதான் ஆள்.

"தம்பி, என்ட தம்பிட போட்டுக்குப் புதுப் பேரு வெட்டோணும். 'கடல் ராஜா'. சிவப்புல, பெருசா."

அவருடைய தம்பி இரண்டு மாசத்துக்கு முன் கடலில் விழுந்து இறந்தவர். அந்தப் போட்டில் 'ஸல்மா' என்ற பெயரை வெட்டி ஒட்டியதே நான்தான்.

"ஸல்மா அவர்ட பொஞ்சாதிட பேரல்லவா? போட் அவவுக்குத்தானே சேரும்?" என்று கேட்டேன்.

"அவ இத்தாவுல இரிக்கிறா, வெளிய வரமாட்டா. வாறதுக்குள்ள எல்லாத்தயும் சரிபண்ணிப் போடோணும்."

புருஷனை இழந்த பெண் நாலு மாசமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்கிற காலம் இத்தா. அந்தக் காலத்தைக் கணக்குப் பார்த்துத்தான் இந்தப் பெரிய மனுஷன் வந்திருக்கிறார். துப்பலாம் போல இருந்தது. துப்பவில்லை, ஓடரை எடுத்தேன். அந்த வகையில் நானும் அவரும் ஒரே சாதிதான்.

மெஷினில் போட்டேன். 'க'வின் முதல் வளைவில் "பட்" என்றது, நின்றது. மறுபடி போட்டேன். அதே வளைவு, அதே "பட்". ஹாஜியார் பளபளத்த நைலோன் சட்டையோடு பிளாஸ்டிக் கதிரையில் அசைந்து அசைந்து இருந்தார், அந்த உரசல்தான் என்று அவரை வெளியே அனுப்பினேன். அப்போதும் மெஷின் அதே இடத்தில் நின்றது. செப்புக் கம்பியைச் சுரண்டித் துப்புரவாக்கி இறுக்கினேன். ரோலில் வேண்டிய நீளத்தை முன்கூட்டியே அவிழ்த்துத் தொங்கவிட்டேன், இழுக்கும்போது உரசாமல் இருக்கட்டும் என்று. உருளையைத் துடைத்தேன், வயரை மாற்றினேன். நின்றது. நடுவில் தலவில தேவாலயத் திருவிழாவுக்குப் போகிற பஸ் ஒன்றுக்குப் புனித அன்னம்மாள் பெயரை வெட்டிப் பார்த்தேன், வெண்ணெயில் கத்தி போன மாதிரி வெட்டியது. திரும்ப 'கடல் ராஜா'வைப் போட்டேன். "பட்".

அடுத்த நாள் ஹாஜியார் போத்தலில் ஓதின தண்ணீரோடு வந்தார்.

"தெளிங்க தம்பி, ஏதோ ஒண்டு தடுக்குது."

"தாங்க ஹாஜியார். ஓதினாலும் ஓதாட்டியும் ஈரம் ஈரம்தானே" என்று வாங்கி, துணியை நனைத்து மெஷினைச் சுற்றிப் போட்டேன். காற்றில் ஈரம் இருந்தால் நிலைமின் தங்காது, இது பத்தாம் வகுப்புப் பாடம். ஏசியை நிறுத்தினேன், கதவு ஜன்னலெல்லாம் திறந்தேன், தரையில் தண்ணீர் ஊற்றி வெறுங்காலோடு நின்றேன். கடை குசினி மாதிரி புழுங்கியது. அந்த அறையில் ஒரு பொறி பிறக்க வழியே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். 'க'வின் வளைவில் மெஷின் நின்றது, என் விரலில் ஊசி குத்தினாற்போல ஒன்று பாய்ந்தது.

அப்போதாவது விட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம். ஒரு ஸ்டிக்கர் துண்டு என்னை முட்டாளாக்குவதா? கத்தியை எடுத்துக் கையாலேயே எழுத்துகளை வெட்டினேன்.

அன்று பகல் லுஹர் தொழுகை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம், நல்ல வெயிலில், பள்ளிவாசல்துறைக் கரைக்குப் போனோம். போட் பாதி தண்ணீரில் நின்றது. வெயிலில் வருஷக்கணக்காய்க் காய்ந்த ஸ்டிக்கரைச் சூடு காட்டிச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். நான் நகத்தை வைத்ததுதான், 'ஸல்மா' முழுசாகக் கழன்று வந்து என் முழங்கையில் சுற்றிக்கொண்டது. பசை இல்லாத பக்கம். உதறினேன், விழவில்லை. கையில் மயிரெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. புது எழுத்துகளை ஒட்டப் போனால் பலகையிலிருந்து அவை எதிர்ப்பக்கம் வளைந்தன, காந்தம் காந்தத்தைத் தள்ளுவது போல. உப்புக் காற்று, ஈர மணல், முழங்கால் தண்ணீர். நிலைமின் செத்துப்போகிற இடம் அது.

"தள்ளுங்க, நான் ஒட்டுறன்" என்று ஹாஜியார் கையை நீட்டினார். நீலமாக ஒரு பொறி, பட்டப்பகலில், போட்டிலிருந்து அவர் கைக்குப் பாய்ந்தது. சத்தம் கரையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. ஆள் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். உடனே ஆளுக்காள் ஓதத் தொடங்கினார்கள்.

"மவுத்தான தம்பிட ரூஹுதான்" என்றான் ஒருவன்.

செத்தவரின் ஆவியாம், சீ, என்ன சனம் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் போட்டில் திரும்பக் கை வைக்காமல் நான் கரையேறியதையும் சொல்ல வேண்டும்.

ஹாஜியார் அதற்குப் பிறகு அந்தப் போட்டின் பக்கம் போகவில்லை. இத்தா முடிந்ததும் போட்டை ஸல்மாவிடமே விட்டுவிட்டார், இன்றைக்கு ஸல்மாவே ஆள் வைத்துத் தொழில் செய்கிறார். அல்லாஹ்வுக்குப் பயப்படாத மனுஷன் ஒரு பொறிக்குப் பயந்தார். ஊர் இப்போது அவரை நல்ல மனுஷன் என்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது இதுவல்ல. அன்றைக்கே, கரையிலிருந்து நேரே ஸல்மாவின் வீட்டுக்குப் போனேன். கழன்ற பெயரைக் குப்பையில் போட மனம் வரவில்லை. அவருடைய உம்மா வாசலுக்கு வந்தார், உள்ளறைக்குத் திரை போட்டிருந்தது. நான் திரையைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன், செய்த வேலைக்கு மன்னிப்பும் கேட்டேன்.

உம்மா அழத் தொடங்கினார். "மருமகன் உன்ட உரிமய விடல்ல மகள், அவர்ட ரூஹுதான் வந்து நிண்டிரிக்கு."

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அழுகை இல்லை. என் குரலில் இருக்கிற இளக்காரமெல்லாம் அந்தக் குரலுக்கு முன் ஒன்றுமே இல்லை.

"மவுத்தானவர் பாவம் உம்மா, அவர இழுக்காதீங்க. அவருக்கு உசிரோட இரிக்கக்குள்ளயே தன்ட நானா, இந்த ஹாஜியார எதுத்து ஒரு கத கதைக்கேலா. அந்தப் பேர நான்தான் புடிச்சிட்டு இருந்தன்."

பிறகு என்னிடம், "தாங்க தம்பி" என்றார்.

திரைக்குக் கீழால் ஒரு கை வந்தது. பெயரை அதில் வைத்தேன். என் கையை விட்டு அவ்வளவு நேரம் போகாதது, சும்மா கழன்று போயிற்று. கை உள்ளே போவதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

நிலைமின் பொறி எனக்கு எத்தனையோ தரம் பட்டிருக்கிறது, உங்களுக்கும் பட்டிருக்கும். சுண்டும், கூசும், அவ்வளவுதான். தோலில் அடையாளமே விடாது. அந்தக் கையில் ஐந்து விரல் நுனியும் கருகி இருந்தது.