இருபத்திரண்டு படிக்கட்டுகளும் ஓர் ஓய்வு நாளும்

என் சித்தப்பா தம் வலது காலைத் தாமே கெடுத்துக்கொண்டதற்கு நாள்வாரியான சான்று உண்டு. நீல அட்டைக் குறிப்பேடு ஒன்றில், கோடு பிசகாமல், தம் கையாலேயே எழுதிவைத்திருக்கிறார். குற்றம் செய்தவரே இவ்வளவு அழகான கையெழுத்தில் வாக்குமூலம் கொடுத்த வழக்கு வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

அவர் குடிநீர் வாரியத்தில் மீட்டர் அளவு எடுப்பவர். இருபத்தோரு ஆண்டுகளாக வீடு வீடாகச் சென்று, குனிந்து, எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு திரும்புகிறார். கதவைத் திறப்பவர்கள் உள்பக்கம் திரும்பி, "மீட்டர் வந்திருக்கு" என்பார்கள். ஆள் வந்திருப்பதாக ஒருவரும் சொன்னதில்லை. இது அவரை உள்ளுக்குள் அரித்தது. வாரியத்தின் அவசரப் பழுதுக் குழுவில் சேர்ந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். குழாய் உடைந்த தெருவில் அந்தக் குழுவின் வண்டிக்காக மக்கள் வாசலுக்கு வந்து காத்து நிற்பார்கள். சேர்வதற்கு ஒரு தேர்வு உண்டு: பத்து கிலோமீட்டரை எழுபது நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு இடமில்லை. சென்ற ஆண்டு ஆறாவது கிலோமீட்டரில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். இந்த ஆண்டு தவறினால் வயது தாண்டிவிடும்.

எனவே மூன்றரை மாதங்களுக்கு முன்பே பயிற்சி தொடங்கியது. வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்று எங்கோ படித்திருந்தார். படித்ததில் பிழையில்லை, படித்தவரிடம்தான் பிழை. முதல் வாரம் பன்னிரண்டு கிலோமீட்டர். இரண்டாம் வாரம் பதின்மூன்று புள்ளி இரண்டு. மூன்றாம் வாரம் பதினான்கு புள்ளி ஐந்து இரண்டு. அந்தக் கடைசி இரண்டை அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. கைபேசி கணக்குக் காட்டிய நொடியில், சலவைக் கடை வாசலானாலும் சரி, சாக்கடை ஓரமானாலும் சரி, ஆணி அடித்ததுபோல் நின்றுவிடுவார். பிறகு வீடுவரை நடந்து வருவார். நடை கணக்கில் சேராது என்பது அவர் இயற்றிய சட்டம்.

வந்த கேடு முழுவதும் இந்தச் சட்டத்தின் வழியாகவே வந்தது. செவ்வாயும் வெள்ளியும் ஓய்வு நாட்கள். குறிப்பேட்டில் அந்த இரு நாட்களுக்கும் நேராக "ஓய்வு" என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறார். அதே செவ்வாயிலும் வெள்ளியிலும்தான் மின்தூக்கி இல்லாத பழைய ஐந்து மாடிக் குடியிருப்புகள் அவருடைய வேலைப் பட்டியலில் வரும். மொத்தம் இருபத்திரண்டு படிக்கட்டுகள். ஒவ்வொன்றிலும் எண்பத்து நான்கு படிகள். தோளில் பையோடு ஏறி இறங்குவார். இவ்வளவும் ஓய்வு. ஓடும் காலணியைப் போடவில்லை அல்லவா?

குறிப்பேட்டில் வலிக்கென்றும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்; பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண். முதல் சில வாரங்களில் ஓடிய மறுநாள் இரு தொடைகளும் இறுகின. இரண்டு நாளில் தளர்ந்துவிட்டன. அதற்கு இரண்டு மதிப்பெண். ஏழாம் வாரம் வலது முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உட்புறம், கட்டைவிரலால் மூடிவிடக்கூடிய ஓரிடத்தில் மட்டும் வலித்தது. ஓட ஓடக் கூடியது. படுத்தபின்னும் விண்ணென்று தெறித்தது. அதற்கும் இரண்டு மதிப்பெண். சோர்ந்த தசைக்கும் சேதமான எலும்புக்கும் சரிசமமாக மதிப்பெண் வழங்கிய நடுநிலையாளரை என்னவென்று பாராட்டுவது?

அலுவலகத்தில் 'ஆறடி' என்று அழைக்கப்படும் நண்பர் அறிவுரை வழங்கினார். தொலைக்காட்சியில் பந்தயங்கள் பார்ப்பதே அவருடைய விளையாட்டுத் தகுதி.

"வலிச்சாத்தான் அண்ணே கால் பலமாகுதுன்னு அர்த்தம். மேல மருந்தை அடிச்சுக்கிட்டு ஓடுங்க."

சித்தப்பா மருந்தை அடித்துக்கொண்டு ஓடினார். ஒன்பதாம் வாரக் கடைசியில் வீட்டுக்குள் நொண்டத் தொடங்கினார். சித்தி ஒரு தையல் கடையில் துணி வெட்டுபவர். கண்ணாலேயே அரை அங்குல வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவரிடம் நொண்டலை மறைக்க முடியுமா? மறுநாளே எலும்பு மருத்துவரிடம் இழுத்துச் சென்றார். துணைக்கு நானும் போனேன்.

மருத்துவர் காலை அழுத்திப் பார்த்தார். படம் எடுக்கச் சொல்லி அதையும் பார்த்தார். பிறகு, "ஓய்வு நாள்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ண மாட்டேங்க. முழு ஓய்வு."

சித்தி திரும்பிப் பார்த்தார். "நேத்து வெள்ளிக்கிழமை. எத்தனை மாடி ஏறினீங்க?"

"அது வேலை."

"நான் வேலையான்னு கேக்கல. எத்தனைன்னு கேட்டேன்."

"இருபத்திரண்டு படிக்கட்டு. ஆனா டாக்டர், அது ஓட்டத்துல வராது."

"இது ஆபீஸ் படி, இது சொந்தப் படின்னு உங்க கால் பிரிச்சுப் பார்க்குமா?" என்றார் மருத்துவர். "எலும்புல விரிசல் விழப் பார்க்குது. பதினெட்டு நாள் ஓட்டமும் வேண்டாம், படியும் வேண்டாம். அதுக்கு அப்புறம் மெதுவா ஆரம்பிக்கலாம். இப்படியே போனா விரிசல் விழுந்துடும். அப்புறம் தேர்வைப் பத்தி யோசிக்கவே வேண்டியதில்ல."

தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. கணக்குச் சரியாக வரும். ஆனால் சித்தப்பாவுக்கு வேறொரு பெருமை குறுக்கே நின்றது: பதினோரு ஆண்டுகளாக அவர் ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. அதை யாரும் கேட்டதில்லை. கேட்காமலே எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார்.

"ஓடறதை நிறுத்திடறேன். வேலைக்குப் போய்ட்டு வந்துடறேனே," என்றார்.

"சரி. தேர்வையும் அந்தப் படிக்கட்டுலயே வைக்கச் சொல்லுங்க," என்றார் சித்தி.

அவர் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான்காவது படிக்கட்டின் இரண்டாம் மாடியில் கால் மறுத்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து, மேலே நோக்கி, ஐந்தாம் மாடிப் பெண்ணிடம் மீட்டர் எண்ணைப் படித்துச் சொல்லும்படி கேட்டார். அந்தப் பெண் பக்கத்து வீட்டு மீட்டரைப் படித்துச் சொன்னார். இருபத்தோரு ஆண்டுகளில் தம் கண்ணால் பார்க்காத எண் ஒன்றைச் சித்தப்பா எழுதியது அன்றுதான்.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் அழைத்தார். பட்டியலைத் திருப்பிக் காட்டினார்.

"இந்த வீட்டுல மீட்டர் எண் போன மாசத்தைவிட இந்த மாசம் குறைவா காட்டுது. ஏங்க, குடிச்ச தண்ணியைத் திருப்பிக் குழாய்ல ஊத்திட்டாங்களா?"

சித்தப்பா பட்டியலில் இருந்த தம் கையெழுத்தைப் பார்த்தார்.

"வேற யாராவது எழுதியிருந்தா அந்த ஆளு அப்படித்தான்னு விட்டிருப்பேன். நீங்களா எழுதினீங்க?"

வலி சாதிக்காததை இந்தக் கேள்வி சாதித்தது. சுற்றியிருந்த மேசைகள் அனைத்தும் நிமிர்ந்து பார்க்க, அவர் நொண்டிக்கொண்டே எழுத்தரிடம் சென்று விடுப்பு விண்ணப்பம் கேட்டார். எழுத்தர் வேடிக்கை என்று எண்ணிச் சிரித்தாராம்.

ஓய்வு எடுப்பதற்கும் ஒரு திறமை வேண்டும். அது சித்தப்பாவிடம் துளியும் இல்லை. முதல் நாள் குறிப்பேட்டில் "படுத்தல்: நான்கு மணி பத்து நிமிடம்" என்று எழுதினார். இரண்டாம் வாரம் படுக்கும் நேரத்தையும் பத்து விழுக்காடு கூட்ட முனைந்தபோது சித்தி குறிப்பேட்டைப் பிடுங்கி, துணி அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டார். நாற்காலி போட்டு ஏறினால்தான் எட்டும். ஏறுவதோ தடை செய்யப்பட்டிருந்தது. வேறு வழியின்றி அவர் சன்னலோரம் அமர்ந்து தெருவைப் பார்த்தார். பத்தாம் நாளுக்குமேல், விரலால் அழுத்தினாலும் அந்த இடம் வலிக்கவில்லை. அதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

பத்தொன்பதாம் நாள் இரண்டு கிலோமீட்டர் ஓடினார், பாதி நடையாக. தேர்வு முடியும்வரை மேற்பார்வையாளர் தரைமட்ட வீடுகள் உள்ள தெருக்களை அவருக்கு மாற்றிக் கொடுத்தார். மறுநாள் தொடை இறுகினால் அதைப் பொருட்படுத்தாமல் ஓடினார்; எலும்பைத் தொட்டுப் பார்த்த பிறகே காலணியைக் கட்டினார். இந்த எளிய அறிவுக்கு மூன்று மாதமும் ஒரு விரிசல் பயமும் தேவைப்பட்டன.

தேர்வு நாளன்று மைதானத்தின் ஓரத்தில் சித்தியும் நானும் நின்றோம். பாதி வயதுடையவர்கள் அவரை வரிசையாகத் தாண்டிச் சென்றார்கள். எட்டாவது கிலோமீட்டரில் அவர் வேகம் குறைந்தது. குனிந்து வலது காலைப் பார்த்தார். சித்தியின் கை என் முழங்கையை இறுகப் பற்றியது. பிறகு அவர் நிமிர்ந்து, அதே குறைந்த வேகத்தில், யாரையும் துரத்தாமல் ஓடி வந்தார். அறுபத்தொன்பது நிமிடம் இருபத்தோரு நொடி. பதிவேட்டில் எழுதியவர் தலையைத் தூக்காமலேயே, "தேர்ச்சி. ஒண்ணாம் தேதி வந்து சேருங்க," என்றார்.

சித்தப்பா எங்களிடம் வந்து, மூச்சிரைக்க, "இதுக்கெல்லாம் மன உறுதிதான் முக்கியம்," என்றார்.

"அப்படியா? பதினெட்டு நாள் சன்னலோரமா உட்கார்ந்திருந்தது யாரோட மனசு?" என்றார் சித்தி.

சித்தப்பா காலணியை மாற்றிக்கொண்டு வழக்கம்போல் வீட்டுக்கு நடக்கத் திரும்பினார். சித்தி எதிர்த்திசையில் பேருந்து நிறுத்தத்தைக் காட்டினார். வண்டி வந்தது. ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார், பக்கத்தில் இருக்கை காலியாக இருந்தும். சித்தி அவருடைய சட்டையின் பின்புறத்தைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"உக்காருங்க," என்றார்.

உட்கார்ந்தார்.